பாட்டு திரும்பிவிட்டது, பாடியவர்கள்?

2020 ஜூன் மாதம். உணவுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட மறுபடியும் அனுமதி கிடைத்த முதல் வாரம். தேக்காவில் நான் வழக்கமாகப் போகும் பரோட்டா கடைக்குப் போனேன். மேசைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, தரையில் ஒட்டுநாடா, வாசலில் உடல் வெப்பப் பரிசோதனை. எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. கல்லில் கரண்டி மோதும் சத்தம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எனக்குக் கேட்டதே இல்லை. கல்லாவுக்கு மேலே இருந்த வானொலி அணைந்து கிடந்தது.

“என்னண்ணே, ரேடியோ கெட்டுப்போச்சா?”

“போடக் கூடாதாம் தம்பி. பாட்டு போட்டா எல்லாரும் சத்தமா பேசுவாங்களாம்.”

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அது கொஞ்சம் உறைத்தது. நிலையத்தில் நான் பாட்டு போடுகிறேன். வீட்டில் கேட்கிறார்கள், காரில் கேட்கிறார்கள், கடையில் மட்டும் கேட்க முடியாது. ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கே இந்த நிலை என்றால், வாரந்தோறும் பப் மேடையில் நின்று பாடிச் சம்பாதித்தவர்கள் என்ன ஆனார்கள்? அன்று மனத்தில் விழுந்த அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

இசைக்கு ஏன் தடை?

சிங்கப்பூரில் மதுக்கூடங்கள், இரவு விடுதிகள், கரவோக்கே கூடங்கள், திரையரங்குகள் எல்லாம் 2020 மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது. ஜூன் 19ஆம் தேதி கடைகள் திறந்தபோது, உணவு, பானக் கடைகளில் நேரடி இசைக்கும் தொலைக்காட்சிக்கும் அனுமதி இல்லை. இரவு 10.30 மணிக்கு மேல் மது விற்கவும் கூடாது.

அப்போது பலர் இதைக் கேலி செய்தார்கள். ஆனால் காரணம் இருந்தது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவார்கள். இதற்கு ‘லொம்பார்ட் விளைவு’ என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. குரல் உயர உயர, வாயிலிருந்து வெளியாகும் நுண்துளிகளும் கூடுகின்றன. பாடும்போது இன்னும் அதிகம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் வேலி என்ற பகுதியின் பாடகர் குழு, 2020 மார்ச் 10ஆம் தேதி பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சேர்ந்து பாடுவது எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதை உலகுக்குக் காட்டிய சம்பவம் அது.

ஆக, தடை வந்ததில் தவறில்லை. சிரமம் அது நீடித்த காலத்தில்தான் இருந்தது. 2021 மே 16 முதல் ஜூன் 20 வரை கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றது. ஜூலையில் கேடிவி கூடங்களில் தொற்றுக் குழுமம் வெடித்தபின் ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 9 வரை மறுபடியும் நின்றது. கடைகளில் மெல்லிய ஒலிப்பதிவு இசை 2021 நவம்பர் 10ஆம் தேதி திரும்பியது. என் பரோட்டா கடை வானொலி அன்று மீண்டும் பேசியது. நேரடி இசைக்கு இன்னும் நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தரை மணிக் கணக்கு

பப் இசை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுகளின் பாதிப்பு புரியும்.

பொதுவாக ஒரு குழு ஒரு கடையில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வாசிக்கும். செவ்வாய் என்றால் எல்லாச் செவ்வாயும். ஓர் இரவுக்கு மூன்று ‘செட்’. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் போல. முதல் செட் ஒன்பது மணிவாக்கில் தொடங்கும். அப்போது பாதி மேசைகள் காலியாக இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் கூட்டம் சேரும், விற்பனை ஏறும். கடைக்காரர் குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார். அதைப் பாடகர், கித்தார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று பிரித்துக்கொள்வார்கள். வாசித்தால் பணம். கடை மூடினால் இல்லை.

கடைக்காரருக்கும் செலவு உண்டு. மேடையில் இசை வேண்டும் என்றால் பொதுக் கேளிக்கை உரிமம் எடுக்க வேண்டும். பாடல்களை இயற்றியவர்களின் உரிமைத் தொகையை ‘கம்பாஸ்’ அமைப்புக்குக் கட்ட வேண்டும். ஒலிக்கருவி, வாடகை, ஆள் கூலி தனி. இவை எல்லாவற்றையும் பத்து மணிக்கு மேல் விற்கும் பானங்கள்தான் ஈடுகட்டுகின்றன. பத்தரைக்கே மது விற்பனை நின்றுவிட்டால், இசைக்கு அனுமதி இருந்தாலும் ஐந்து பேர் கொண்ட குழுவைக் கூப்பிட எந்தக் கடைக்காரருக்கும் கட்டுப்படியாகாது.

அரசாங்கம் கைகொடுக்காமல் இல்லை. சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணத் திட்டத்தில், தகுதி பெற்றவர்களுக்கு 2020இல் மாதம் 1,000 வெள்ளி என ஒன்பது மாதத்துக்குக் கிடைத்தது. கலை, கலாசாரத் துறைக்கென 55 மில்லியன் வெள்ளித் தொகுப்பும், 2021இல் கூடுதலாக 20 மில்லியனும் வந்தன. இரவுநேரக் கேளிக்கைக் கூடங்கள் வேறு தொழிலுக்கு மாற 50,000 வெள்ளி வரை உதவி. தொழிலை விட்டே விலகுவதென்றால் 30,000 வெள்ளி. கிளார்க் கீயில் ‘ஸூக்’ தன் நடன அரங்கத்தில் சைக்கிள் உடற்பயிற்சி வகுப்பு நடத்தியது, பிறகு அதையே திரையரங்காக்கிப் படம் ஓட்டியது. பல மதுக்கூடங்கள் சாப்பாட்டுக் கடைகளாயின.

கடை மாறிக்கொண்டது. குழுவில் இருந்த பேஸ் கித்தார் கலைஞர் எதுவாக மாறுவார்? பலர் உணவு விநியோகத்துக்குப் போனார்கள். சிலர் வாடகைக் கார் ஓட்டினார்கள். சிலர் தடுப்பூசி நிலையங்களிலும் பரிசோதனை நிலையங்களிலும் வேலை பார்த்தார்கள். வீட்டிலிருந்தபடி இணையத்தில் வாசித்து, திரையின் ஓரத்தில் ‘பேநவ்’ குறியீட்டை ஒட்டி வைத்தவர்களும் உண்டு. முதல் இரண்டு மாதம் நண்பர்கள் பணம் அனுப்பினார்கள். அதன்பின் நண்பர்களுக்கும் சம்பளம் குறைந்தது.

இந்த மேடை உருவாக்கியவர்கள்

“பப்பில் பாடுவது ஒரு கலையா?” என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய உண்டு. நம் வட்டாரத்து இசை வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே பதில் கிடைக்கும்.

பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் 1960களின் இறுதியில் ‘அல்லிகேட்ஸ்’ குழுவை ஆரம்பித்தார்கள். கிளப் மேடைகளில் வாசித்தார்கள். 1970களில் ஹாங்காங்குக்குப் போய் அங்குள்ள கிளப்புகளிலும் வாசித்தார்கள். பிறகு மலாய்ப் பாடல்களால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். அந்தப் பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. இரவுக்கு இரவு வேறு வேறு ஊர்க்காரர்களுக்கு முன் நின்று பழகிய கைகளும் தொண்டைகளும்தான் பின்னால் அந்தப் பதிவுகளுக்குள் போயின.

சிங்கப்பூரிலும் அதே கதைதான். 1960களில் ஆர்ச்சர்ட் ஹோட்டலின் ‘கோல்டன் வீனஸ்’ கூடத்தில் நடந்த ஞாயிறு மாலை நடன நிகழ்ச்சிகளில் உள்ளூர்க் குழுக்கள் வளர்ந்தன. 1980களில் டாங்லின் ஷாப்பிங் சென்டரில் இருந்த ‘எனிவேர்’ பப்பில் ‘தானியா’ குழுவைக் கேட்க நம் பெற்றோர் தலைமுறையினர் வரிசையில் நின்றார்கள். 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் ஜெரமி மொன்டேரோ தொழில்முறை வாசிப்பைத் தொடங்கியது 1976இல், பதின்ம வயதில்.

இசைப் பள்ளியில் ராகம் கற்றுத் தருவார்கள், ஸ்வரம் படிக்கச் சொல்லித் தருவார்கள். மூன்றாவது மேசையில் பிறந்தநாள் கொண்டாடுபவர் கேட்கும் பாட்டை, ஒத்திகை இல்லாமல், அவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் உடனே எடுத்து வாசிப்பதை இந்த மேடைதான் கற்றுத் தருகிறது. நம்மவர்கள் நடத்தும் பப்களில் இளையராஜாவையும் ரஹ்மானையும் வாசிக்கும் அதே கலைஞர்தான் சனிக்கிழமை உங்கள் வீட்டுத் திருமண விருந்தில் வாசிக்கிறார். ஆண்டு இறுதியில் சமூக மன்ற நிகழ்ச்சியிலும் அவர்தான். வாரநாள் மேடை அவருக்குப் பயிற்சிக் களம், அடுத்த வாய்ப்புக்கு விளம்பரம், மாத வாடகைக்கு வழி. அது போனால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும்.

“நீயாவது சொல்லுப்பா”

என் நண்பர் ஒருவர் டிரம்ஸ் வாசிப்பவர். முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார். 2020க்கு முன் வாரத்தில் இரண்டு இரவு பப், மாதத்தில் மூன்று நான்கு திருமணம். மார்ச்சில் எல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று. 37 வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு நிவாரணம் தானாகவே வந்தது. இவர் விண்ணப்பம் எழுதி, வருமானக் கணக்கைக் காட்டி வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். வீவக வீட்டில் டிரம்ஸ் அடிக்க முடியாது. அது துணி போர்த்தி அறை மூலையில் நின்றது. அவர் ரப்பர் தகட்டில் தட்டிப் பழகினார்.

2021இல் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொண்டுவந்த அவருடைய அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீயாவது சொல்லுப்பா. இப்போ மாசா மாசம் சம்பளம் வருது, சிபிஎஃப் ஏறுது. திரும்பவும் அந்தப் பப்புக்குப் போறேங்கிறான்.”

“அவன் நல்லா வாசிக்கிறான் ஆன்ட்டி.”

“வாசிக்கட்டும். நான் வேணாம்னு சொன்னேனா? பொண்ணு பார்க்கப் போனா என்ன வேலைன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்றது?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சுயதொழில் செய்பவருக்கு முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கு கிடையாது. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்கு அவரே கட்ட வேண்டும். வீடு வாங்கக் கடன் கேட்டால் வருமானத்தை நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு காலியாக இருந்த வருமானப் பதிவை எந்த வங்கியிடம் காட்டுவது? பப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பது பழைய கதை. அந்த அம்மாவின் கவலை மதுவைப் பற்றியதே இல்லை. அடுத்த தொற்று வந்தால் மகன் மறுபடியும் நடுத்தெருவில் நிற்பானா என்பதுதான் அவருக்குப் பயம்.

மார்ச் 29, செவ்வாய்க்கிழமை

2022 மார்ச் 24ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் தளர்வுகளை அறிவித்தார். 29ஆம் தேதி முதல் பத்துப் பேர் வரை கூடலாம், வெளிப்புறங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை. பத்தரை மணித் தடையும் பப், உணவகங்களில் நேரடி இசைக்கு இருந்த தடையும் ஒரே நாளில் விலகின. இரண்டும் சேர்ந்து விலகியதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விலகியிருந்தால் மேடைக்கு விளக்கு ஏறியிருக்காது. ஏப்ரல் 19ஆம் தேதி இரவு விடுதிகளும் கரவோக்கே கூடங்களும் திறந்தன.

அந்த முதல் வாரங்களில் ஊரே மகிழ்ந்தது. முதல் பாட்டுக்கே கண் கலங்கியவர்களைப் பார்த்தேன். ஆனால் கூட்டம் பழைய அளவுக்குத் திரும்பியபோதும் மேடை அப்படியே திரும்பவில்லை. முன்பு ஐந்து பேர் நின்ற இடத்தில் பல கடைகளில் இருவர் நின்றார்கள்: ஒரு குரல், ஒரு கித்தார், தாளத்துக்கு ஒரு கணினி. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது; இரண்டு ஆண்டு வாடகை பாக்கியையும் ஆள் பற்றாக்குறையையும் அவர் சமாளிக்க வேண்டியிருந்தது. கலைஞர்களையும் குறை சொல்ல முடியாது. பகல் வேலைக்குப் பழகிவிட்டவர்களில் சிலர் திரும்பவே இல்லை. கருவிகளை விற்றவர்களும் உண்டு. ரசிகர்களான நாமும் மாறியிருந்தோம். வீட்டிலிருந்து வேலை செய்து பழகிய பலர் வாரநாளில் நகருக்கு வருவதே இல்லை. வந்தாலும் பத்து மணிக்கு எம்ஆர்டி நோக்கி நடக்கிறார்கள்.

விதி ஒரே இரவில் மாறும். ஒரு குழு ஒன்றாக மூச்சுவிட்டு வாசிக்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுக்கு யாராவது பணம் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், வாரநாளில் போங்கள். வெள்ளி, சனி தானாக நிரம்பும். செவ்வாய், புதன் இரவுகளில் பத்து மேசை கூடுதலாக நிரம்பினால்தான் கடைக்காரர் மூன்றாவது ஆளை மேடையேற்றத் துணிவார்.

முதல் செட்டுக்கே போங்கள். குடும்பத்தோடு சாப்பிட வருபவர்களுக்கும், மது அருந்தாதவர்களுக்கும் அதுதான் பொருத்தமான நேரம். ஒரு லைம் ஜூஸும் ஒரு தட்டு வறுவலும் வாங்கினாலும் அது கடையின் கணக்கில் சேரும். யாரும் உங்களை மது குடிக்கச் சொல்லப் போவதில்லை.

நுழைவுக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் கடை, இசைக்கான செலவைப் பானங்களின் தலையில் மட்டும் கட்டுவதில்லை. மேடை ஓரத்தில் ‘பேநவ்’ குறியீடு இருந்தால் ஒரு பாட்டுக்கு ஐந்து வெள்ளி போடுங்கள். பிடித்த பாட்டைக் கேளுங்கள், ஆனால் பாடிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் போய்த் தோளைத் தட்டாதீர்கள். புறப்படும் முன் குழுவின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிட அந்தப் பெயர் வேண்டும்.

இளம் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை செட், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் பணம், நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். பணம் வராமல் போனால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. வருமானத்தை ஒழுங்காகக் கணக்குக் காட்டுங்கள். 2020இல் நிவாரணத்துக்கு விண்ணப்பித்தபோது, கையில் காசாக வாங்கி எங்கும் எழுதி வைக்காதவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

என் நண்பர் கிடங்கு வேலையை விடவில்லை. வியாழக்கிழமை இரவு மட்டும் மேடைக்குத் திரும்பியிருக்கிறார். ஒரு வியாழன் தன் அம்மாவையும் அழைத்து வந்தார். முன் மேசை வேண்டாம் என்று சுவரோரம் உட்கார்ந்தார் அந்த அம்மா. எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டார். முதல் செட் முழுக்கக் கைப்பையை மடியில் வைத்தபடி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் மகன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றபோது, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

“சத்தம் எப்படி ஆன்ட்டி?” என்று கேட்டேன்.

“கோயில் மேளத்தைவிடக் கம்மிதான்பா.”

“அப்போ அடுத்த வாரமும் வருவீங்களா?”

“வியாழக்கிழமை சீரியல் இருக்கே,” என்றார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: “புதன்கிழமைக்கு மாத்தித் தருவாங்களான்னு கேளேன்.”